அரை ஏக்கர் தண்ணீர்

புணே நகரின் தென்கிழக்கு எல்லையிலுள்ள ஹடப்சரைத் தாண்டி, சாஸ்வட்டுக்குப் போகும் பாதையில் திவே கணவாயின் வளைவுகளை ஏறி முடித்து, உச்சியில் சற்று நின்று திரும்பிப் பார்ப்பவருக்குக் கீழே மஸ்தானியின் பெயரால் வழங்கும் பழைய ஏரியும், அதற்கப்பால் தூசிப்படலத்தில் மங்கிய நகரமும் தெரியும். முகத்தை மறுபக்கம் திருப்பினாலோ மொட்டைக் குன்றுகளும், அக்குன்றுகளின் எலும்பின்மேல் தோல்போல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய மண்ணும், அந்த மண்ணில் யாரோ பச்சைத் துணிகளை ஆங்காங்கே உலர்த்தப் போட்டாற்போல் சிறு சிறு காய்கறித் தோட்டங்களும் கண்ணில் படும். ஆஷாட ஏகாதசியை நோக்கி ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு லட்சக்கணக்கான பக்தர்களோடு இந்தக் கணவாயில் ஏறும் நாட்களில் மட்டும் வந்து பார்த்தவர்கள், இதை வறண்ட தேசம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சித்திரையில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். அந்தப் பச்சைத் துணிகளின் விருத்தாந்தத்தைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

அரபிக்கடலிலிருந்து சூல்கொண்டு வரும் மேகம் சஹ்யாத்ரி மலைத்தொடரில் முட்டி, லோணாவளாவில் வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, புணேயை அடைவதற்குள் 700 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, திவே கணவாயைத் தாண்டிப் புரந்தர் தாலுகாவினுள் நுழையும்போது 500ஐ எட்டுவதற்கே தவித்து, கெட்ட வருஷங்களில் அதில் பாதியோடு நின்றுவிடுகிறது. பூகோள சாஸ்திரிகள் இதை மழை மறைவுப் பிரதேசம் என்பார்களே தவிரப் பாலைவனம் என்று ஒப்பமாட்டார்கள். ஆனால் தமிழ் படித்தவனுக்கு இந்த விஷயத்தில் இளங்கோவடிகளே நெருங்கிய துணை. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் கோலமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கொள்கை. புரந்தர் மலைச்சாரலை அப்படியே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் கொள்கை அது. இயல்பு திரிந்து பாலையானது மறுபடி தன் இயல்புக்குத் திரும்பவும் கூடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்து கிடப்பதாக எனக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

இங்கே காய்கறியும் பூவும் பயிரிடுவதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் மாலிகள். அவர்களுடைய குலத்தில் தோன்றிய சாவதா மாலி என்னும் 13ஆம் நூற்றாண்டுப் பக்தர், சோலாப்பூர் ஜில்லாவிலுள்ள ஆரண் என்ற ஊரில் தோட்ட வேலை செய்துகொண்டே, பாத்தியிலிருக்கும் கீரையிலும் கிழங்கிலும் விட்டலனைக் கண்டவர். பண்டரிபுரத்துக்கு அவர் போகவேயில்லை, பாண்டுரங்கன்தான் அவருடைய தோட்டத்தைத் தேடி வந்தான் என்பது ஐதிகம். தோட்டத்தை ஒருநாள் விட்டுப் போனாலும் பயிர் வாடிவிடும் பிரதேசத்தில் பிறந்த ஐதிகம் வேறு எப்படி இருக்க முடியும்? கிணற்றடியில் இரண்டு எருதுகளைப் பூட்டி, தோலால் செய்த சாலைக் கிணற்றுக்குள் இறக்கி, எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு நீர் மேலேறித் தும்பி வழியாகத் தொட்டியில் சரியும் இறவை முறையை நம்மவர் கமலை என்றும் கவலை என்றும் சொல்கிறார்கள்; மராட்டியர் மோட் என்கிறார்கள். காவேரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த உழைப்பின் கனம் விளங்காது. கோயமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். வானம் பார்த்த நிலத்தை ஜிராயத் என்றும், நீர் பாய்ந்த நிலத்தை பாகாயத் என்றும் இரண்டாகப் பிரித்து எழுதிய இந்தப் பிரதேசத்து வருவாய்க் கணக்கு, அவ்விரு சொற்களின் நடுவில் கோடு கிழித்தது கமலையின் வடம்தான் என்பதை எங்கும் எழுதவில்லை.

புரந்தர் தாலுகாவில் கான்வடி என்று ஒரு சிற்றூர். ஸதாரா ஜில்லாவின் கட்குண் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு மாலிக் குடும்பம் அங்கே தங்கிற்று. பிறகு புணேக்குப் பெயர்ந்து, பேஷ்வாக்களின் மாளிகைக்குப் பூ கொடுக்கும் வேலையில் அமர்ந்தபடியால், கோர்ஹே என்ற பழைய குடிப்பெயர் மறைந்து பூலே என்ற புதுப்பெயர் நிலைத்தது. ஜோதிராவ் பூலே அந்தக் குடும்பத்துப் பிள்ளை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் என்றும், ஜாதிக் கொடுமையை எதிர்த்தவர் என்றும் நம்மவர்கள் அவரை அறிவார்கள். தண்ணீரைப் பற்றி அவர் எழுதியதை அறிந்தவர்கள் குறைவு. ‘உழவனின் சாட்டை’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் 1883இல் எழுதி முடித்த நூலில், வேலையின்றி இருக்கும் பட்டாளத்தாரையும் போலீஸாரையும் கொண்டு மலைச்சரிவுகளில் சிறு அணைகளும் கரைகளும் போட்டு, மழைநீர் ஓடையில் விழுமுன் நிலத்தில் ஊறிப் போகும்படி செய்ய வேண்டுமென்று சர்க்காருக்கு யோசனை சொன்னார். கால்வாய் இலாகாவினர் நீர் வந்து சேர்ந்ததா இல்லையா என்று பாராமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று தீர்வை வாங்குவதைக் கண்டித்து, ஒவ்வோர் உழவனுக்கும் அவனவன் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு குழாய் வைத்து அளந்து கொடுங்கள் என்றும் கேட்டார். நகரத்தில்கூட வீட்டுக்குவீடு குழாய் வராத காலத்தில், கிராமத்துப் பாத்திக்குக் குழாய் கேட்ட மனிதர் அவர்.

அவர் இதை எழுதிக்கொண்டிருந்தபோது சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தக்காணத்தைப் பாழாக்கிய பஞ்சத்துக்குப்பின், இனி ஒரு பஞ்சம் வந்தால் ஜனங்களைக் காக்கவென்று நீரா நதியிலிருந்து இடக்கரைக் கால்வாய் வெட்டப்பட்டு, 1885இல் நீர் விடப்பட்டது. நோக்கம் உத்தமமானது. ஆயினும் நீருக்கு ஏறத் தெரியாது; கால்வாய் புரந்தர் தாலுகாவின் தெற்கு விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு பாராமதிக்கும் இந்தாப்பூருக்கும் போயிற்றேயல்லாமல், உயரத்தில் இருக்கும் கர்ஹா நதிப் பள்ளத்தாக்குக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கால்வாய் போன ஊர்களிலும் காரியம் எண்ணியபடி நடக்கவில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சோளத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவார் இல்லை. பொய்த்த வருஷத்தில் எல்லோரும் ஒரே நாளில் கேட்டார்கள். இந்தச் சங்கடத்தில் அகப்பட்ட இலாகாவுக்கு, வருஷம் முழுவதும் தவறாமல் நீர் வாங்கித் தவறாமல் பணம் கட்டும் ஒரு பயிர் தேவையாயிற்று. அந்தப் பயிர் கரும்பு. பஞ்சத்துக்கென்று வெட்டிய கால்வாய் சர்க்கரைக் கால்வாயான கதை இவ்வளவுதான்.

கதையின் ரசமான பகுதி இனிமேல்தான். அந்தக் கரும்பை முதன்முதல் துணிந்து நட்டவர்களில் முக்கியமானவர்கள் யாரென்றால், சாஸ்வட்டிலிருந்து இறங்கிப் போன மாலிகள். ஊரில் கிணற்றை நம்பிக் கீரை போட்டுக்கொண்டிருந்தவர்கள், கால்வாய் ஓரத்தில் உள்ளூர்க் குடியானவர்களுடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எரு வைத்து, தோட்டக்காரனுக்கே உரிய நுணுக்கத்தோடு கரும்பைப் பேணிப் பணக்காரரானார்கள். 1932இல் அவர்கள் கூடித் தொடங்கிய ‘சாஸ்வட் மாலி சர்க்கரை ஆலை’ சோலாப்பூர் ஜில்லாவில், அவர்களுடைய பெயரையே கொண்ட மாலிநகர் என்னும் புது ஊரில் நிற்கிறது. குடியானவர்கள் தாங்களே பங்கு போட்டு நடத்திய சர்க்கரை ஆலைகளில் அது முன்னோடி. பாராட்டத்தக்க முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆலையின் பெயரில் சாஸ்வட் இருக்கிறது; சாஸ்வட்டில் ஆலை இல்லை. தோட்டக் கலையில் கைதேர்ந்தவர்கள் நீரைத் தேடிப் போய்விட்டார்கள். நீரைத் தேடிப் போக வகையில்லாதவர்கள் குன்றடியில் தங்கிவிட்டார்கள். அக்காலத்தில் மேட்டுநிலத்துப் பிரஜைக்கு இருந்த வழிகள் இரண்டே.

நகரத்துக் காய்கறிச் சந்தையைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. புணேயின் மண்டாயை, எட்டுப் பட்டையும் நடுக்கோபுரமுமாக நிற்கும் அந்தக் கல் கட்டடத்தை, 1886இல் திறந்தபோது கவர்னர் ரே பிரபுவின் பெயரை வைத்தார்கள். அவ்வளவு பொருட்செலவில் ஒரு சந்தை வேண்டாம், கல்விக்குச் செலவிடுங்கள் என்று எதிர்த்தவர்களில் பூலேயும் ஒருவர். பின்னாளில் சாஸ்வட் பக்கத்தவரான ஆசார்ய அத்ரே நகராண்மையில் இருந்தபோது அதற்கு மகாத்மா பூலே மண்டாய் என்று பெயர் மாற்றப்பட்டது. கட்ட வேண்டாம் என்றவர் பெயரிலேயே கட்டடம் வழங்குகிறது. காய்கறி விற்ற குடும்பத்துப் பிள்ளை ஆதலால் பொருத்தம் கெடவில்லை என்று நானும் வெந்தயக்கீரை வாங்கும்போதெல்லாம் சமாதானம் செய்துகொள்கிறேன்.

1972ஆம் வருஷம் மகாராஷ்டிரத்தை வறட்சி பிடித்து உலுக்கியது. மாநிலமெங்கும் சர்க்கார் நிவாரண வேலைகளைத் திறந்தது. உச்சகட்டத்தில் ஐம்பது லட்சம் பேர் அளவுக்கு அந்த வேலைகளில் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள். புரந்தர் தாலுகாவில் இப்படிக் கல் உடைத்துக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், புணேயில் துல்லியமான அளவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்த விலாஸ்ராவ் சாளுங்கே என்ற இன்ஜினீயர். ஒரு மயிரிழையில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு, யாரும் அளக்காமல் ஓடிப்போகும் மழைநீர் உறுத்தியதில் வியப்பில்லை. எங்கும் போய்ச் சேராத சாலைக்காகக் கல் உடைக்கும் இந்தக் கைகள், அதே கூலிக்கு ஓடைக்குக் குறுக்கே கரை போட்டால் என்ன என்பது அவர் மனத்தில் எழுந்த கேள்வி. தொண்ணூறு வருஷத்துக்கு முன் பூலே கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுவே.

கேள்வியோடு நிற்காமல் சாளுங்கே பயிர்செய்யப் புறப்பட்டார். நாயகாவ் என்னும் கிராமத்தில் ஊர்க்கோயிலுக்குச் சொந்தமான 40 ஏக்கர் தரிசுச் சரிவை 1974இல் நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கி, அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார். மண்ணென்று சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை. ஒரு சாண் தோண்டினால் முரம்பு, அதற்குக் கீழே என்றோ எரிமலை கக்கி உறைந்த கரும்பாறை. இதில் காய்கறி போடப் போகிறேன் என்று ஒரு நகரத்துக்காரர் சொன்னால் கிராமத்தார் முதலில் சிரித்திருப்பார்கள்; நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் கணக்குச் சிரிப்பதற்குரியது அன்று. 500 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் இருபது லட்சம் லிட்டர். 40 ஏக்கரிலும் சேர்த்து எட்டுக் கோடி லிட்டர். அவ்வளவும் நாலைந்து பெருமழையில் வந்து, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் போய்விடுகிறது என்பதே நோய். ஆகவே சரிவின் மேலிருந்து கீழ்வரை சமமட்டத்தில் வரப்புகள் போட்டு ஓட்டத்தைத் தடுத்து, அடிவாரத்தில் ஒரு கசிவுக்குட்டை அமைத்து, குட்டைக்குக் கீழே கிணறு வெட்டி, கிணற்றிலிருந்து நீரை மேலேற்றி வயலுக்குப் பாய்ச்சினார்கள். நம் ஏரிகளுக்கும் இந்தக் குட்டைக்கும் ஒரு பேதம் உண்டு. ஏரியில் மதகு இருக்கும், நீர் வெளியே வந்து பாயும். கசிவுக்குட்டைக்கு மதகே கிடையாது. அது உள்ளே குடிப்பதற்காகவே தேக்குவது. கார்த்திகையில் குட்டை வற்றிப்போய் விட்டதே என்று புதிதாக வந்தவன் அங்கலாய்க்கும்போது, கிணற்றுக்காரன் நிம்மதியாக இருப்பான்.

நெகேவ் பாலைவனத்தில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் நபத்தேயர் என்னும் வணிகக் குடியினர் செய்ததும் இந்த வித்தைதான். வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழையும் நிச்சயமில்லாத அவ்தத் என்ற பாழூரில், அவர்களுடைய பழைய தோட்டத்தை மைக்கேல் எவனாரி என்ற தாவர சாஸ்திரி 1950களின் கடைசியில் புதுப்பித்துப் பயிர் செய்து காட்டினார். ஓர் ஏக்கர் பயிருக்குச் சுமார் இருபது ஏக்கர் மொட்டைச் சரிவின் நீரைத் திருப்பிவிட வேண்டும் என்பது அங்கே கண்ட கணக்கு. அதனோடு ஒப்பிட்டால் புரந்தர் செழிப்பான தேசம். பாலையில் தோட்டம் போடுகிறவன் விதையை எண்ணுவதற்குமுன் சரிவை எண்ண வேண்டும் என்பதை இரண்டும் ஒரே குரலில் சொல்கின்றன.

நாயகாவின் பெருமை இந்தக் கரையிலும் குட்டையிலும் இல்லை. கரை போடத் தெரிந்தவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. சேர்த்த நீர் யாருடையது என்ற கேள்விக்குச் சாளுங்கே சொன்ன விடையில் இருக்கிறது. அவர் ‘கிராம கௌரவ பிரதிஷ்டான்’ என்ற ஸ்தாபனத்தை நிறுவி, சுற்றுப்புற ஊர்களில் ‘பாணி பஞ்சாயத்து’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். நீரில் உரிமை நிலத்தைப் பொறுத்ததன்று, ஆளைப் பொறுத்தது. குடும்பத்தில் தலைக்கு அரை ஏக்கர் நனையும் அளவு, குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் இரண்டரை ஏக்கருக்கு மேல் இல்லை. ஐம்பது ஏக்கர் வைத்திருந்தாலும் அவ்வளவே. சொந்த நிலமே இல்லாதவனுக்கும் அவனுடைய பங்கு உண்டு, அந்தப் பங்கை வைத்துக்கொண்டு பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்யலாம். நிலத்தை விற்றால் நீர் கூடப் போகாது. கட்டுமானச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை உறுப்பினர்களே கையிலிருந்து போட வேண்டும். பாதி சர்க்கார் மானியம், எஞ்சியது ஸ்தாபனம் தரும் வட்டியில்லாக் கடன். இவை எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு விதி: கரும்பு நடக் கூடாது.

நம் தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தைப் பெருமையாகப் பேசிக் களைத்தவன் நான். ஆயக்கட்டு என்ற சொல்லும், முறைநீர் என்ற சொல்லும், இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மடை திறக்கும் நீர்க்கட்டியின் வேலையும் எல்லாம் அழகுதான். ஆனால் ஊருக்கெல்லாம் அளந்து விட்ட அந்த நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் நிலம் இருந்ததில்லை. நிலம் இல்லாதபடியால் நீரும் இருந்ததில்லை. களத்துமேட்டில் வாங்கும் நெல்லே அவன் பங்கு. பூலேகூட நிலத்தின் அளவுக்குத்தான் குழாய் கேட்டார். நிலத்தையும் நீரையும் முடிச்சவிழ்த்துப் பிரித்த துணிச்சலை நான் அறிந்தவரை நாயகாவில்தான் கண்டேன்.

கரும்பு விலக்கப்பட்டதன் நியாயம் வயலில் நின்றால் புரியும். தக்காணத்தில் பதினெட்டு மாதம் நிற்கும் கரும்பும் உண்டு. நின்ற காலமெல்லாம் அது முறை தவறாமல் குடிக்கும். அந்நீரைப் பட்டாணிக்கும் வெங்காயத்துக்கும் கொத்தவரைக்கும் பிரித்தால் பல குடும்பங்களின் பாத்திகள் நனையும். பட்டாணி மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும், கொத்தமல்லியும் வெந்தயமும் ஒன்றரை மாதத்துக்குள். பாளி என்று இங்கே சொல்லும் முறை வந்த அன்று ஒரு பட்டாணி வயலில் நீர் பாய்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றதுண்டு. பாட்கரி என்னும் நீர்க்காரர் தலைவாய்க்காலில் அடைத்திருந்த மண்ணை இரண்டு வெட்டில் பெயர்த்தார். நீரின் முனை, நுரையும் சருகும் சில எறும்புகளும் மிதக்க, பாம்பின் தலைபோல் அசைந்து வந்தது. வெடித்த மண் அதைக் குடிக்கும் சப்தம் நெருங்கி நின்றால் காதில் விழும். முனை பாத்தியின் கோடியைத் தொடுவதற்கு இரண்டு முழம் இருக்கும்போதே அவர் மேல்வாயை அடைத்துவிட்டார். ஏன் அதற்குள் என்றேன். “மீதியை அதுவே நடந்து போய்விடும், பாவூ” என்றார். அளவுக் கருவிகள் செய்தவருக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கும்.

சாளுங்கே 2002இல் காலமானார். அதே வருஷத்தில் ஒரிஸ்ஸா சட்டசபை ‘பாணி பஞ்சாயத்து’ என்ற பெயரிலேயே ஒரு சட்டம் செய்தது. பெயரை எடுத்துக்கொண்டார்களே ஒழிய, நிலமில்லாதவனுக்கும் பங்கு என்ற உயிர்நாடியை எடுத்துக்கொள்ளவில்லை. புரந்தரிலும் ஏற்பாடு முன்போல் இல்லை. மின்கட்டணமும், பழுதான பம்புகளும், பக்கத்து ஊர்க்காரன் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கரும்பு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் பட்டாணியே போடுவது என்ற மனத்தாங்கலும் சேர்ந்து, பல ஊர்களில் அதைக் கரைத்துவிட்டன. விதிகளில் கோளாறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. வரம்பு கட்டிக்கொண்டவனைச் சுற்றி வரம்பில்லாதவர்கள் வாழ்ந்தார்கள், அதுதான் கோளாறு.

இப்போது மேட்டுக்கு நீர் வேறு வழியாக வருகிறது. புணே நகரம் குடித்துக் குளித்துக் கழித்த நீரைச் சுமந்து ஓடும் முளா முட்டா நதியிலிருந்து பெரும் பம்புகளால் இறைத்து, குன்றுக்கு மேலே ஏற்றிப் புரந்தர் ஊர்களுக்கு விடுகிறார்கள். அந்த நீரில் விளைந்த காய் விடியற்காலையில் திவே கணவாயில் இறங்கி மறுபடி நகரத்துக்கே போகிறது. மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். நீர் இல்லாத நாட்களை அறிந்த குடியானவர் சுளிப்பதில்லை. தாலுகாவின் அத்திப்பழம் 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. சீதாப்பழத்துக்கும் பட்டாணிக்கும் சந்தையில் தனிப்பெயர் இருக்கிறது. பாலை தன் இயல்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

அந்தத் தோட்டங்களில் சிலவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாமதிக்காமல் போய்ப் பார்ப்பது நல்லது. புணேக்குப் புதிய விமான நிலையம் கட்டுவதற்காகப் புரந்தர் தாலுகாவில் ஏழு கிராமங்களின் நிலத்தை எடுக்க சர்க்கார் முனைந்திருக்கிறது; கொடுக்கமாட்டோம் என்று குடியானவர்கள் கூட்டம் போட்டார்கள். வன்புரி, கும்பார்வளண், உதாசிவாடி, எக்கத்பூர், முஞ்சவாடி, பார்காவ் என்று போகும் அந்த ஏழு பெயர்களில் ஒன்று கான்வடி.